ஹோ மெங், ஹோ சோய், ஃபூ கோன்: கான்டனீஸில் விதி, அதிர்ஷ்டம், அப்பா வீட்டுச் செல்வம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் காய்கறி எங்கே கிடைக்கும் என்று கேட்ட கையோடு, அலுவலகத்தில் காதில் விழுந்த ஏதாவது ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள். அவற்றில் பாதிக்கு மேல் அதிர்ஷ்டம், விதி, யார் வீட்டுப் பிள்ளை என்பவற்றைச் சுற்றியே இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று: இதுவும் சீனம்தானே? மாண்டரின் கொஞ்சம் தெரியும், அது போதாதா?

எழுத்தில் ஓரளவு போதும், காதுக்குப் போதாது. ஹாங்காங், மக்காவ், குவாங்சோ ஆகிய இடங்களிலும், மலேசியாவில் கோலாலம்பூர், ஈப்போ சீனர்களிடையேயும் பேசப்படுவது கான்டனீஸ். பீஜிங்காரர் வந்து நின்றால் பேச்சு புரியாமல் விழிப்பார். இதில் ஆறு தொனிகள். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, நேராகப் போகிறதா என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடும். தமிழ் எழுத்தில் தொனியைக் காட்ட வழியில்லை. ஆகவே கீழே உள்ளவற்றை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, யாரும் சிரித்தால் என்னைக் கோபிக்காதீர்கள்.

அதிர்ஷ்டத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

ஒரு சொல்லில் முடிகிற காரியம் இல்லை. மூன்று சொற்கள் வேண்டும்: மெங், வன், சோய். மூன்றையும் 'அதிர்ஷ்டம்' என்று மொழிபெயர்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மெங் என்பது பிறக்கும்போதே கையில் கொடுக்கப்பட்டது. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்துகள், ஆக எட்டெழுத்து. 'பாட் ஜீ' என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஜோதிடர் மெங்கைப் படிப்பது இதைக் கொண்டுதான். உயிர் என்பதற்கும் இதே சொல்லே. ஒருவரைப் பார்த்து 'ஹோ மெங்' என்றால், நம் ஊரில் பெருமூச்சோடு 'கொடுத்து வைத்தவர்' என்கிறோமே, அச்சு அசலாக அதுதான். வன் என்பது வந்து போவது. ஜோதிடத்தில் அது பத்துப் பத்து ஆண்டுகளாகக் கணக்கிடப்படுகிறது. நம் தசையை நினைத்துக்கொள்ளலாம், அல்லது 'அவனுக்கு இப்போது நேரம் நன்றாக இருக்கிறது' என்கிறோமே, அந்த 'நேரம்'. வன் நடக்கும். 'ஹாங் வன்' என்றால் 'வன் நடக்கிறது'. ரொம்பவும் நன்றாக நடந்தால் அது கால் சுண்டுவிரல் வரைக்கும் போய்விட்டது என்பார்கள்.

சோய் என்பது பரிசுச் சீட்டு. இங்குள்ள லாட்டரியின் பெயரே 'லுக் ஹப் சோய்'. 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு 1,39,83,816 வழிகள் உண்டு. ஆகவே சோய்க்கும் உங்கள் குணத்துக்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தமில்லை, இடித்துக்கொண்ட இடத்தில் கிடைப்பது. குருட்டாம்போக்கில் வெற்றி பெறுவதற்கு 'ஜோங் சோய்', அதாவது சோய் மீது மோதிக்கொள்வது என்று பெயர். பஸ் கிளம்புவதற்குள் ஏறிவிட்டால் 'ஹோ சோய்', நல்லவேளை. அங்கே போய் 'ஹோ மெங்' என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் 'சோய்!' என்று என்னை அதட்டினார்களே? மழை வந்து விமானம் நின்றுவிடுமோ என்றுதான் சொன்னேன்.

அது வேறு சோய். முன்னே சொன்ன பரிசுச் சோயில் குரல் கீழிருந்து மேலே ஏறும். உங்களுக்குக் கிடைத்தது உச்சியிலேயே நேராக நின்று வெட்டும். அபசகுனமாக எதையாவது சொன்னால் அதைத் துரத்துவதற்கான ஒலி அது. தொடர்ந்து 'தாய் கட் லெய் ஸீ' என்று ஒரு மங்கலச் சொல்லையும் போடுவார்கள். அப்படியும் மனம் ஆறாத பெரியவர்கள், எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி நல்லதாகச் சொல் என்பார்கள். நம் பாட்டிமார் வாயை அலம்பு என்றதற்கு இது ஒன்றும் தூரமில்லை.

துரதிர்ஷ்டசாலிக்கு என்ன பெயர்?

'ஹக் ஜை', கருப்புப் பையன். நிறத்தைச் சொல்வதில்லை, இருண்ட நேரத்தைச் சொல்கிறது. மோசமான வாரம் என்றால் தச்சரின் மைப்பெட்டியைவிடக் கருத்துவிட்டேன் என்பார்கள். மரத்தில் நூலடித்துக் கோடு போட மை தோய்த்து வைத்திருக்கும் அந்தப் பெட்டியை இன்று கண்ணால் பார்த்த இளைஞர் குறைவு. ஆனாலும் பேச்சில் அது கருத்துக்கொண்டே இருக்கிறது.

பணக்கார வீட்டில் பிறந்தவனை எப்படிச் சொல்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த தொடர் இங்கேதான் வருகிறது: 'சிக் தவ் தோய்'. 'தவ் தோய்' என்பது மறுபிறவிக்காக ஒரு கருவறைக்குள் புகுவது. 'சிக்' என்பது ஒரு காரியத்தைச் செய்யத் தெரிவது, நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும் என்பது போல. சேர்த்துப் படித்தால் 'அவனுக்குப் பிறக்கத் தெரிந்திருக்கிறது' என்று வரும். யாராலும் பழக முடியாத ஒன்றைத் திறமைக் கணக்கில் எழுதுவதுதான் இதிலுள்ள குத்தல். தன் சொந்த உழைப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை நகர்ந்ததும், தேநீர்க் கோப்பைக்குப் பின்னாலிருந்து யாராவது இந்த மூன்று சொற்களைச் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சேர்க்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, வாயில் தங்கச் சாவியைக் கவ்விக்கொண்டு பிறந்தான் என்பது. வெள்ளிக் கரண்டி என்று ஆங்கிலத்தில் கேட்டிருப்பீர்கள். இங்கே கரண்டியைவிடச் சாவியே அதிகம். ஹாங்காங்கில் சோற்றைவிடக் கதவுதான் கிடைக்காத பொருள் என்பதால் சாவி எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அலுவலகத்தில் முதலாளியின் மகனைத் 'தாய் ஜீ யே' என்றார்கள். மரியாதையா, கிண்டலா?

பட்டத்து இளவரசர் என்று பொருள். சொற்களில் மரியாதை, குரலில் கிண்டல். நாளைக்கு அவரே முதலாளி என்பதால் கிண்டலும் ஓரளவுக்குத்தான். அவர் வேலை கற்றுக்கொண்டு ஒழுங்காக நடந்தால் இந்தப் பெயரோடு தப்பிவிடுவார்.

தப்பாவிட்டால் 'யீ சை ஜோ'. நேர்ப்பொருள் இரண்டாம் தலைமுறை மூதாதை என்பது போல விசித்திரமாக இருக்கும். சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசரிடமிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம். சீனாவை ஒன்றாக்கிய முதல் பேரரசர் கி.மு. 210-இல் இறந்தார். மகன் அரியணை ஏறி, கி.மு. 207-இல் உயிரையும் இழந்து, வம்சத்தையும் முடிவின் விளிம்பில் நிறுத்திவிட்டார். அப்பா கட்டியதை மூன்றே ஆண்டுகளில் கரைத்தவரின் பெயர், இன்று கார் சாவியை விரலில் சுழற்றும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கும் கீழே 'பாய் கா ஜை', குடியைக் கெடுத்த பிள்ளை. அதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தேவையில்லாத பொருளை வாங்கி வந்த மகனைத் தாயே செல்லமாக இப்படித் திட்டுவதைக் கேட்கலாம்.

'ஃபூ கோன்' என்கிறார்களே, அகராதியில் அப்படியொரு சொல் இல்லையே?

பழைய அகராதியில் இருக்காது. பள்ளிச் சுவரில் எழுதி வைக்கும் ரகத்தில் ஒரு வாசகம் உண்டு: வெற்றி கடும் உழைப்பால் வரும். கடும் உழைப்புக்கு 'ஃபூ கோன்'. இதில் 'ஃபூ' குரல் ஏறும், பொருள் கசப்பு, கஷ்டம். அதே 'ஃபூ'வைத் தாழ்த்தி நேராகச் சொன்னால் தந்தை. கேட்பவர் காதில் வாசகம் 'வெற்றி அப்பாவின் உழைப்பால் வரும்' என்று மாறிவிடுகிறது. ஒரே ஒரு தொனி புரண்டதில் ஒரு நீதிமொழி கவிழ்ந்தது. இத்தனை சிக்கனமான நையாண்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெரும்பாலும் வீடு வாங்கும் பேச்சில்தான் இது வரும். முதல் வீடு வாங்குவதற்கு இங்கே 'வண்டியில் ஏறுவது' என்று பெயர். விலை ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி, ஏறாவிட்டால் போய்விடும். இருபத்தெட்டு வயதில் ஒருவர் ஏறிவிட்டார் என்றால் அடுத்த கேள்வி 'ஃபூ கோனா?' என்பதுதான். முன்பணம் யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். அன்றாடப் பேச்சில் அப்பாவை யாரும் 'ஃபூ' என்பதில்லை, 'லோ தவ்' என்பார்கள். கேலிக்காகவே இந்த ஏட்டுச் சொல் வெளியே வருகிறது. பிள்ளை விலை உயர்ந்த காலணி கேட்டால் லோ தவ் சொல்லும் பதிலும் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒன்றே: உன் அப்பன் லீ கா-ஷிங் என்று நினைத்தாயா? இந்நகரின் பெரும் பணக்காரர் பெயர், இப்படி அன்றாட அளவுகோல் ஆகிவிட்டது.

படிப்புக்கு ஐந்தாவது இடம் கொடுக்கும் பழமொழி ஒன்று உண்டாமே? அப்படியென்றால் ஏன் பிள்ளைகளை இவ்வளவு டியூஷனுக்கு அனுப்புகிறார்கள்?

பழமொழி இது: 'யட் மெங், யீ வன், சாம் ஃபுங் சோய், செய் ஜிக் யம் டக், ங் துக் ஷ்யூ'. முதலில் விதி, இரண்டாவது நேரம், மூன்றாவது வாஸ்து போன்ற ஃபெங் ஷுயி, நான்காவது வெளியே தெரியாமல் செய்த தருமம், ஐந்தாவது படிப்பு. இந்த 'ஃபுங் சோய்' லாட்டரிச் சோய் இல்லை. காற்றும் நீரும் என்று பொருள்படும் வேறு சொல், தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

வரிசையை நன்றாகப் பாருங்கள். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதை வீடு மாற்றியோ மேசையைத் திருப்பியோ ஓரளவு சரிசெய்யலாம். நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க நம்முடையவை. கைக்கு எட்டுவது கடைசியில் இருப்பதால்தான் அதை இப்படிப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பது என் கணிப்பு. இதைச் சொல்லிவிட்டு யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததாக நான் கண்டதில்லை. தேர்வில் கோட்டைவிட்ட பிள்ளையைத் தேற்றவும், வென்ற பிள்ளையின் தலைக்கனத்தைத் தட்டவும் சொல்வார்கள். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

குடையைப் பற்றி ஏதோ பாட்டு மாதிரிச் சொன்னாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. என்ன அது?

'துங் யன் ம் துங் மெங், துங் ஜே ம் துங் பெங்.' மனிதர் ஒன்று, மெங் வேறு. குடை ஒன்று, கைப்பிடி வேறு. மெங், பெங் என்று எதுகை போலச் சேர்வதால் நாக்கில் தங்கிவிடுகிறது. ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு இரவுப் பணி என்றால் இதுதான் வரும். புலம்பல்தான், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லும் புலம்பல்.

இதன் கடுமையான அக்காள் ஒருத்தி உண்டு: தரையில் விழுந்து மூன்று முறை அழும்போதே நல்லதும் கெட்டதும் எழுதியாகிவிட்டது. பிறந்த குழந்தையின் முதல் அழுகையைச் சொல்கிறார்கள். பாட்டி சிரிக்காமல் பேசும் நாளில் இதைக் கேட்பீர்கள்.

மருமகள் வந்த நேரம், குழந்தை பிறந்த நேரம் என்று நம் ஊரில் சொல்வோமே, அவர்களிடமும் உண்டா?

உண்டு, அதுவும் காலை வைத்தே. 'கொக் தவ் ஹோ' என்றால் பாதத்தின் முனை நல்லது, அதாவது வந்து கால் வைத்ததும் வீடு செழித்தது. குழந்தை பிறந்த மாதம் அப்பாவுக்குச் சம்பளம் கூடினால் பாராட்டு குழந்தையின் காலுக்குப் போகும். கணவனைச் செழிக்க வைப்பவள் என்பதற்கு 'வோங் ஃபூ'. பெண்ணின் முகத்தைப் பார்த்தே சிலர் இதைச் சொல்லிவிடுகிறார்கள்.

தலைகீழாகவும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 'மெங் ஙாங்', கடினமான விதி கொண்டவள், கூட இருப்பவர்களை முடித்துவிடுவாள் என்று பெண்களைச் சொல்வது. சொத்து சேர்ந்தால் குடும்பத்தின் புண்ணியம், செத்துப்போனால் அவளுடைய ஜாதகம். இந்த ஏற்பாட்டை நாம் எங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை.

திருமணம் எல்லாம் 'யூன் ஃபன்' என்றார் என் தோழி. அதுவும் மெங்தானா?

இல்லை. யூன் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது, மெங் ஒருவருக்குள் இருப்பது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் 'பிரத்யயம்' (துணைக் காரணம்) என்ற வடசொல்லுக்கு எடுத்துக்கொண்ட எழுத்து இந்த யூன். 'விட்டகுறை தொட்டகுறை' என்றால் உங்கள் தோழி சொன்னது ஏறத்தாழ வந்துவிடும்.

ஷா டினில் ஒரு கோயிலில் எல்லாரும் காற்றாடியைச் சுற்றுகிறார்கள். எதற்கு?

அது சே குங் கோயில். சே குங், சீனாவின் தென் சோங் வம்சக் காலத்துத் தளபதி, கொள்ளைநோயைத் தணித்தவர் என்று வணங்கப்படுபவர். சந்திரப் புத்தாண்டின் இரண்டாம், மூன்றாம் நாள்களில் கூட்டம் நெரியும். காற்றாடி சுற்றினால் வன் சுற்றும். நேரத்தைத் திருப்புவதற்கு 'ஜ்யூன் வன்' என்று பெயர். முன்பு சொன்ன மூன்றில் கையால் திருப்பிப் பார்க்கலாம் என்று இவர்கள் நம்புவது வன் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மெங்கைத் திருப்ப யாரும் காற்றாடி விற்பதில்லை.

அங்கே நகரத்துக்காகவும் ஒரு குறிச்சீட்டு எடுப்பார்கள். 2003-இல் எடுத்தவர் அரசின் உள்துறைச் செயலர். வந்தது 83-ஆம் எண், கடைசித் தரத்துச் சீட்டு. அந்த வசந்தத்தில் சார்ஸ் நோய் 299 பேரைக் கொண்டுபோயிற்று. இன்றும் எண் 83 என்றால் வயதானவர்கள் தலையை ஆட்டுவார்கள். சீட்டு எடுக்கும் வேலை அதன்பின் அரசு அதிகாரிகளிடமிருந்து கிராமத் தலைவர்கள் சபையின் கைக்குப் போய்விட்டது.

'தாத்தா பன்றிக்கறி பிரிக்கிறார்' என்றால் என்ன? கூட்டத்தில் போனஸ் பற்றிப் பேசும்போது சொன்னார்கள்.

'தாய் குங் ஃபன் ஜ்யூ யுக்', குலமுதல்வர் பன்றிக்கறி பங்கிடுகிறார், எல்லாருக்கும் ஒரு பங்கு. மூதாதையர் கல்லறைக்குப் படைத்த வறுத்த பன்றியைப் பிறகு குலத்தின் ஆண்மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். உழைத்தவன், உழைக்காதவன் என்ற கணக்கு இல்லை, இந்தக் குலத்தில் பிறந்தால் போதும். ஆகவே போனஸ் விஷயத்தில், திறமை பாராமல் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டார்கள் என்று முணுமுணுக்கிறார்கள்.

இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. 1972-இல் வந்த சிறு வீட்டுக் கொள்கைப்படி, புதிய ஆட்சிப்பகுதிகள் எனப்படும் பகுதியில் 1898-இல் குடியிருந்தவர்களின் ஆண்வழி வாரிசு, பதினெட்டு வயதானதும், வாழ்நாளில் ஒரு முறை தன் கிராமத்தில் வீடு கட்ட விண்ணப்பிக்கலாம். மூன்று தளம், தளத்துக்கு 700 சதுர அடி. அந்த ஆணுக்குப் பெயர் 'டிங்', வீட்டுக்கு 'டிங் உக்'. மகளுக்குக் கிடையாது. வழக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2021-இல் கொள்கை செல்லும் என்று தீர்ப்பானது. தளத்துக்கு 700 சதுர அடி என்பதன் அருமை தெரிய வேண்டுமானால் இங்கே ஒருமுறை வாடகைக்கு வீடு தேட வேண்டும். 'சிக் தவ் தோய்' என்பதற்கு அரசாணை வடிவம் இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

அண்டை வீட்டார் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பும்போது நல்ல புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தேன். முகம் மாறிவிட்டது. என்ன தப்பு?

புத்தகம் 'ஷ்யூ'. தோற்பதும் 'ஷ்யூ', தொனி உட்பட ஒன்றே. பந்தயத்துக்குப் போகிறவர் கையில் தோல்வியைக் கொடுத்திருக்கிறீர்கள். பஞ்சாங்க நூலின் பெயரில்கூட 'ஷ்யூ' வேண்டாம் என்று, வெற்றி என்று பொருள்படும் 'சிங்' சேர்த்துத் 'துங் சிங்' ஆக்கிவிட்டார்கள்.

நன்னூல் படித்தவர்களுக்கு 'மங்கலம்' என்று ஒரு வழக்கு நினைவிருக்கும், சுடுகாட்டை நன்காடு என்பது. கான்டனீஸ்காரர்கள் அதைக் கசாப்புக் கடைக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஈரலுக்கான 'கோன்' என்ற சொல் வறட்சி என்றும் ஒலிக்கும். தண்ணீரே பணம் என்று பேசும் ஊரில் வறட்சி ஆகுமா? பன்றி ஈரலுக்கு ஈரப்பதத்தைக் குறிக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். நாக்குக்கான சொல் நஷ்டம் போல ஒலித்ததால் இலாபம் போல ஒலிக்கும் பெயர். காலி வீடு என்பதில் 'காலி' அபசகுனமாக ஒலிப்பதால் வாடகை அறிவிப்புகளில் 'மங்கல வீடு' என்றே போடுவார்கள்.

எண்களும் இப்படியே. நான்கு சாவைப் போல ஒலிப்பதால் பல கட்டடங்களில் 4, 14, 24-ஆம் தளங்கள் இருக்காது. எட்டு செழிப்பைப் போல ஒலிக்கும். '18' என்ற கார் எண் 2008-இல் 1.65 கோடி ஹாங்காங் டாலருக்கும், '28' என்பது 2016-இல் 1.81 கோடிக்கும் ஏலம் போயின. முன்னது 'நிச்சயம் செழிப்பு', பின்னது 'எளிதில் செழிப்பு' என்று காதில் விழும். வாங்கியவர்களுக்குச் செழிப்பு ஏற்கெனவே வந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மலேசியாவில் 'ஓங்' என்கிறார்கள். அதுவும் கான்டனீஸா?

இல்லை, ஹொக்கியென் என்ற இன்னொரு சீனப் பேச்சு. செழிப்பு என்று பொருள். கான்டனீஸில் அதே எழுத்து 'வோங்', மேலே 'வோங் ஃபூ'வில் வந்ததே, அது. மலேசியாவில் தீபாவளிக்கும் பணம் வைத்துக் கொடுக்கும் 'ஆங் பாவ்' உறையும் ஹொக்கியென் பெயர்தான். இங்கே 'லை ஸீ' என்று கேட்க வேண்டும்.

கொடுத்து வைக்காதவன் எழவே முடியாது என்கிறார்களா, பின்னே?

அப்படியும் சொல்வதில்லை. 'ஃபுங் சோய் லொன் லவ் ஜ்யூன்', ஃபெங் ஷுயி முறை வைத்துச் சுற்றும். உப்புக்கருவாடு உயிர்பெற்று எழுந்துவிட்டது என்றும் ஒன்று உண்டு, இனி முடிந்தது என்று எல்லாரும் கைவிட்டவர் திரும்பி வந்தால் சொல்வார்கள். உப்புப் போட்டுக் காயவைத்த மீன் எழுவதை நினைத்துப் பார்த்தால், இதைச் சொல்கிறவர்களுக்கு எத்தனை நம்பிக்கை இருந்திருக்கும் என்றும் தெரிகிறது.

மேலே இருப்பவர்களுக்கு எதிராகவும் ஒன்று: செல்வம் மூன்று தலைமுறை தாண்டாது. முதல் தலைமுறை சேர்க்கும், அடுத்தது காக்கும், மூன்றாவது கரைக்கும். வரலாறாக இதை நான் நம்பவில்லை. தாண்டிய குடும்பங்கள் நகரெங்கும் கட்டடங்களாக நிற்கின்றன. ஆறுதலாக நன்றாகவே வேலை செய்கிறது.

இவற்றையெல்லாம் நானும் சொல்லலாமா? தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

'ஹோ சோய்' எங்கும் சொல்லலாம். 'ஹோ மெங்' என்பதைப் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் முதியவரிடம் சொன்னால் முகம் மலரும், உழைத்து முன்னேறிய ஒருவரிடம் சொன்னால் சுருங்கும். 'ஹக் ஜை' உங்களைப் பற்றி மட்டும். 'சிக் தவ் தோய்', 'யீ சை ஜோ' இரண்டையும் புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், பேச வேண்டாம்.

'ஃபூ கோன்' விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் பெண் முதல் வீடு வாங்கிய செய்தி வந்ததும், கடும் உழைப்பு என்று பாராட்ட நினைத்து வாய் திறந்தேன். குரலை ஏற்ற மறந்துவிட்டேன். அறை முழுக்க ஒரு நொடி அமைதி. அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்: முன்பணம் தாழ்ந்த ஃபூ, முப்பது ஆண்டுத் தவணை ஏறிய ஃபூ.